மறையும் தலைப்புகள்

உரைநடை உலகம்

நுழையும்முன்

உள்ளங்கை அளவுள்ள திரையில் ஓராயிரம் செய்திகள் வரிசை வரிசையாக நகர்கின்றன. எச்செய்தி எதனோடு சேர்ந்தது என்பதை அவற்றின் மேலுள்ள சிறு தலைப்பே உணர்த்துகிறது. அத்தலைப்பு திடீரென மறைந்தால் என்ன நேரும்? அது ஏன் மறைகிறது? மறைந்ததை மீட்பது எவ்வாறு? திறன்பேசிச் செயலிகளில் நிகழும் ஒரு சிறு வழுவையும் அதனைக் களையும் நெறியையும் இப்பாடம் விளக்குகிறது.

பட்டியலும் தலைப்பும்

திறன்பேசியைப் பயன்படுத்துவோர் ஒரு நாளில் பலமுறை காண்பது பட்டியல்களையே. தொடர்பு எண்கள், குறுஞ்செய்திகள், பாடல்கள், அமைப்புகள் என யாவும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்பட்ட வரிசைகளாகவே காட்சி தருகின்றன. 2007 ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட முதல் ஐபோனின் திரை 3.5 அங்குல அளவே உடையது. அச்சிறு திரையில் நீண்ட பட்டியலை விரலால் தள்ளிப் படிக்கும் வசதி அன்றே அமைந்திருந்தது. 2008 ஆம் ஆண்டு பிற நிரலாளர்களும் ஐபோனுக்குச் செயலி உருவாக்க வழி திறந்தபோது, பட்டியலை அமைக்கும் கருவியும் அவர்கள் கைக்கு வந்தது. அதன் பெயர் 'டேபிள் வியூ'. தமிழில் இதனை 'அட்டவணைக் காட்சி' எனலாம்.

அட்டவணைக் காட்சி இரண்டு அடுக்குகளை உடையது. பட்டியல் முதலில் பகுதிகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு பகுதியும் வரிசைகளாகப் பிரிகிறது. பகுதியின் தொடக்கத்தில் நிற்பது பகுதித் தலைப்பு. தமிழ் நூல்களைப் பயின்றோர்க்கு இவ்வமைப்பு புதியதன்று. திருக்குறளில் 133 அதிகாரங்கள். ஒவ்வோர் அதிகாரத்திலும் பத்துக் குறட்பாக்கள். அதிகாரத்தைப் பகுதியாகவும் குறட்பாவை வரிசையாகவும் அதிகாரப் பெயரைப் பகுதித் தலைப்பாகவும் கொண்டால், திருக்குறள் முழுவதும் ஓர் அட்டவணைக் காட்சிக்குள் அடங்கிவிடும்.

அட்டவணைக் காட்சியின் எளிய பாணியில் தலைப்புக்குத் தனிச்சிறப்பு ஒன்று உண்டு. பட்டியலை மேல்நோக்கித் தள்ளும்போது வரிசைகள் நகர்ந்து மறையும். ஆனால் அப்பகுதியின் தலைப்பு மட்டும் திரையின் மேல்விளிம்பில் ஒட்டி நிற்கும். அடுத்த பகுதியின் தலைப்பு கீழிருந்து வந்து அதனைத் தள்ளும்வரை அது விலகாது. இதனால், படிப்பவர் எவ்விடத்தில் நின்றாலும் தாம் எந்தப் பகுதியில் இருக்கிறோம் என்பதை அறிவார். குழுப் பாணி என்னும் மற்றொரு பாணியில் தலைப்பு இவ்வாறு ஒட்டி நிற்பதில்லை. வரிசைகளோடு சேர்ந்து அதுவும் நகர்ந்துவிடும். அது பாணியின் இயல்பு, வழு அன்று.

கேட்டுக் கேட்டுக் காட்டும் கருவி

அட்டவணைக் காட்சி தன்னிடம் எந்தச் செய்தியையும் வைத்துக்கொள்வதில்லை. அது கேட்கிறது, நிரலாளர் எழுதிய நிரல் விடையளிக்கிறது. "எத்தனை பகுதிகள்?", "இந்தப் பகுதியில் எத்தனை வரிசைகள்?", "இந்த வரிசையில் எதைக் காட்டுவது?" ஆகிய வினாக்களுக்கு விடை தரும் நிரற்பகுதியைத் தரவு மூலம் என்பர். "இந்தப் பகுதியின் தலைப்பாக எந்தக் காட்சியை வைப்பது?", "அதன் உயரம் எவ்வளவு?" என்பன போன்ற வினாக்களுக்கு விடை தருவதைப் பேராளர் என்பர்.

கணினியின் எண்ணிக்கை சுழியத்தில் தொடங்குகிறது. எனவே முதல் அதிகாரம் 0 ஆம் பகுதி. 95 ஆம் அதிகாரமாகிய 'மருந்து' 94 ஆம் பகுதி. பகுதி எண், வரிசை எண் ஆகிய இரண்டும் சேர்ந்து ஒரு வரிசையின் இடத்தைத் துல்லியமாகக் காட்டுகின்றன. இந்த இரட்டை எண்ணை இடச்சுட்டு எனலாம். தெருப்பெயரும் கதவு எண்ணும் சேர்ந்து ஒரு வீட்டை அடையாளம் காட்டுவது போன்றது இது.

சிற்றறைகளின் மறுபயன்பாடு

வரிசை ஒவ்வொன்றையும் திரையில் தாங்கி நிற்கும் சிறு பெட்டியைச் சிற்றறை என்பர். 1330 குறட்பாக்களுக்கு 1330 சிற்றறைகள் தேவை என எண்ணத் தோன்றும். முதல் ஐபோனில் வரிசையின் பொது உயரம் 44 புள்ளிகள். திரையின் உயரம் 480 புள்ளிகள். 1330 வரிசைகளை அடுக்கினால் மொத்த உயரம் 58,520 புள்ளிகள்; அதாவது 120 திரைகளுக்கும் மேல். ஆனால் ஒரு நேரத்தில் கண்ணுக்குத் தெரிவன பத்து வரிசைகள் அளவே. அக்கருவியின் நினைவகமோ 128 மெகாபைட் மட்டுமே. காணாத வரிசைகளுக்கெல்லாம் சிற்றறை படைப்பது வீண்செலவு.

எனவே ஒரு சிக்கன முறை வகுக்கப்பட்டது. திரையின் மேல்விளிம்பைத் தாண்டி மறையும் சிற்றறை அழிக்கப்படுவதில்லை. அது மறுபயன்பாட்டுக் கிடங்கில் சேர்கிறது. கீழிருந்து புதிய வரிசை தோன்றும்போது அதே சிற்றறை கிடங்கிலிருந்து எடுக்கப்பட்டு, புதிய எழுத்துகளைத் தாங்கி மீண்டும் திரைக்கு வருகிறது. பந்தியில் முதலில் உண்டு எழுந்தோரின் தட்டுகளைக் கழுவி அடுத்த பந்திக்கு வைப்பது போன்றது இம்முறை. ஏறத்தாழப் பன்னிரண்டு சிற்றறைகளைக் கொண்டே 1330 குறட்பாக்களையும் காட்டிவிட முடிகிறது.

இம்முறை ஒழுங்காக நடைபெற, எந்தச் சிற்றறை இப்போது எந்த இடச்சுட்டுக்கு உரியது என்னும் கணக்கை அட்டவணைக் காட்சி இடையறாது வைத்திருக்க வேண்டும். மறையும் தலைப்பின் புதிருக்கு விடை இந்தக் கணக்கில்தான் உள்ளது.

[தெரிந்து தெளிவோம்
வழாநிலை, வழு, வழுவமைதி

இலக்கண முறைப்படி பிழையின்றி அமைவது வழாநிலை. இலக்கண முறையினின்று பிறழ்வது வழு. இலக்கணப்படி பிழையாயினும் ஏதேனும் ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. கன்றுக்குட்டியைப் பார்த்து அன்பின் மிகுதியால் "செல்லம்மா வந்துவிட்டாள்" என்பது திணை வழுவமைதி. கணினித் துறையில் நிரலில் நேரும் பிழையையும் 'வழு' என்றே தமிழில் வழங்குகின்றனர்.]

வழு வெளிப்படும் விதம்

திருக்குறள் செயலி ஒன்றில் 'பிடித்த குறள்கள்' என்றொரு பக்கம் இருப்பதாகக் கொள்ளலாம். பயனர் தாம் விரும்பிய குறட்பாக்களை அதில் சேர்த்து வைத்திருக்கிறார். 'கல்வி' என்னும் தலைப்பின்கீழ் மூன்று, 'நட்பு' என்னும் தலைப்பின்கீழ் நான்கு, 'மருந்து' என்னும் தலைப்பின்கீழ் இரண்டு என ஒன்பது குறட்பாக்கள் உள்ளன. பக்கத்தைத் திறந்தவுடன் மூன்று தலைப்புகளும் சரியாகவே தோன்றுகின்றன.

நட்பு என்னும் பகுதியில் உள்ள முதல் குறட்பாவைப் பயனர் இடப்புறமாகத் தள்ளி நீக்குகிறார். குறட்பா நீங்குகிறது, அதனோடு 'நட்பு' என்னும் தலைப்பும் மறைகிறது. தலைப்பு இருந்த இடம் வெறுமையாகக் கிடக்கிறது. பட்டியலைக் கீழே தள்ளி மீண்டும் மேலே கொண்டுவந்தால் தலைப்பு திரும்பிவிடுகிறது. அடுத்த முறை நீக்கும்போது மீண்டும் மறைகிறது.

இதனைச் சிறு குறையென்று ஒதுக்க இயலாது. நடுவே நின்ற தலைப்பு மறைந்தவுடன், நட்பைப் பற்றிய குறட்பாக்கள் 'கல்வி' என்னும் தலைப்பின் தொடர்ச்சியாகத் தோன்றுகின்றன. புதிதாகப் படிப்பவர் அவற்றைக் கல்வி அதிகாரத்தில் உள்ளவை என்றே கொள்வார். செய்தி ஒன்றும் மாறவில்லை. ஆனால் பொருள் மாறிவிட்டது. மருந்து உட்கொள்ளும் நேரத்தை நினைவூட்டும் செயலியில் 'காலை', 'இரவு' என்னும் தலைப்புகளுள் 'இரவு' மறைந்தால் விளைவு என்னவாகும் என எண்ணிப் பார்த்தால், தலைப்பின் பொறுப்பு விளங்கும்.

நோயை அறிதல்

வழு நீக்கத்தின் முதற்படி, வழுவை வேண்டும்போதெல்லாம் வரவழைக்கக் கற்பதாகும். "சில நேரங்களில் மறைகிறது" என்பது முறையீடு. "பகுதியின் முதல் வரிசையை நீக்கியவுடன் மறைகிறது" என்பது கண்டறிதல். முன்னதைக் கொண்டு எதையும் திருத்த இயலாது. பின்னதோ, வழு எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைப் பாதி காட்டிவிடுகிறது.

இரண்டாம் படி, மறைதலின் வகையைப் பிரித்தறிவது. திரையில் தெரியாத பொருள் நான்கு நிலைகளுள் ஒன்றில் இருக்கலாம். அது படைக்கப்படாமலே இருக்கலாம்; படைக்கப்பட்டும் உயரம் சுழியமாக இருக்கலாம்; வேறொன்றின் பின்னால் இருக்கலாம்; மறைக்கப்பட்டோ அகற்றப்பட்டோ இருக்கலாம். ஆப்பிளின் எக்ஸ்கோடு என்னும் நிரலாக்கக் கருவியில், திரையின் காட்சிகளை அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டும் வசதி 2014 ஆம் ஆண்டு முதல் உள்ளது. ஓடிக்கொண்டிருக்கும் செயலியை அதில் நிறுத்திப் பார்த்தால், தலைப்பு எந்நிலையில் உள்ளது என்பதைக் கண்ணால் காணலாம்.

நிலைகளுக்கேற்பக் காரணங்கள் வேறுபடும். எந்தத் தலைப்பும் ஒருபோதும் தோன்றவில்லையெனில், பேராளர் அட்டவணைக் காட்சியோடு இணைக்கப்படாமல் இருக்கலாம். கேட்கப்பட வேண்டிய வினா கேட்கப்படவே இல்லை என்பது அதன் பொருள். தலைப்பு படைக்கப்பட்டும் இடம் பெறவில்லையெனில், உயரத்தைக் கூறும் செயற்கூறு சுழியத்தை விடையாகத் தந்திருக்கலாம். 2011 ஆம் ஆண்டு வெளிவந்த ஐஓஎஸ் 5 பதிப்பிலிருந்து தலைப்பின் உயரத்தைக் கூறுவது நிரலாளரின் கடமையாயிற்று. அதனைக் கூறாத பழைய செயலிகளில் தலைப்புகள் காணாமற்போயின.

மூன்று பகுதிகள் இருந்தும் கடைசிப் பகுதியில் மட்டும் தலைப்பு தெரிகிறது எனில், காரணம் வேறு. நிரலாளர் ஒரே ஒரு தலைப்புக் காட்சியைப் படைத்து, அதனையே எல்லாப் பகுதிகளுக்கும் விடையாகத் தந்திருக்கக் கூடும். ஒரு காட்சி ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் இருக்க முடியும். ஒரே நாற்காலியை மூன்று அறைகளில் ஒரே வேளையில் போட இயலாது. கடைசியாகக் கேட்ட அறையில்தான் அது இருக்கும்.

'பிடித்த குறள்கள்' பக்கத்தில் நேர்ந்தது இவற்றுள் எதுவுமன்று. தலைப்புகள் தொடக்கத்தில் சரியாகத் தோன்றின. உயரமும் சரியாக இருந்தது. வரிசையை நீக்கிய பின்னரே ஒரு தலைப்பு மட்டும் மறைந்தது. ஆகவே தொடக்கத்தில் நிகழாமல் மாற்றத்தின்போது மட்டும் நிகழும் காரணத்தைத் தேட வேண்டும்.

தலைப்பாக வந்த சிற்றறை

நிரலைப் படித்தால் உண்மை வெளிப்படும். தலைப்பாக எதை வைப்பது என்னும் வினாவுக்கு, நிரலாளர் ஒரு சிற்றறையை விடையாகத் தந்திருக்கிறார். வரிசைகளுக்கென அமைந்த கிடங்கிலிருந்து ஒரு சிற்றறையை எடுத்து, அதில் 'நட்பு' என்று எழுதி, தலைப்பின் இடத்தில் அமர்த்தியிருக்கிறார்.

இதற்கு அறியாமை மட்டுமே காரணம் எனக் கூற முடியாது. செயலியின் திரைகளை எழுதாமல் வரைந்தே அமைக்கும் 'ஸ்டோரிபோர்டு' என்னும் வசதி 2011 ஆம் ஆண்டு வந்தது. அட்டவணைக் காட்சிக்குள் சிற்றறையின் மாதிரியை அதிலேயே வரையலாம். பகுதித் தலைப்பின் மாதிரியை அவ்வாறு வரைய அதில் இடமில்லை. எனவே அழகிய தலைப்பை விரும்பிய நிரலாளர் பலர், சிற்றறை ஒன்றைத் தலைப்பு போல வரைந்து, அதனையே தலைப்பாகப் பயன்படுத்தினர். சிற்றறையும் காட்சி வகையைச் சேர்ந்ததே ஆதலால், அட்டவணைக் காட்சி அதனை மறுக்காமல் ஏற்றுக்கொண்டது. முதற்பார்வைக்கு எல்லாம் நன்றாகவே இருந்தது.

ஆனால் சிற்றறைக்கு ஒரு குணம் உண்டு. அட்டவணைக் காட்சி எந்தச் சிற்றறையையும் வரிசைக்கு உரியதாகவே கருதுகிறது. தலைப்புச் சிற்றறையைக் கிடங்கிலிருந்து எடுக்கும்போது, நிரலாளர் அப்பகுதியின் முதல் வரிசைக்குரிய இடச்சுட்டைக் காட்டி எடுத்திருந்தால், அச்சிற்றறை அந்த முதல் வரிசையோடு தொடர்புடையதாகிவிடுகிறது. இப்போது ஒரே இடச்சுட்டுக்கு இருவர் உரிமை கொண்டாடுகின்றனர்: ஒன்று உண்மையான வரிசை, மற்றொன்று தலைப்பு வேடம் பூண்ட சிற்றறை. எதுவும் மாறாதவரை இம்முரண்பாடு வெளியே தெரிவதில்லை.

வரிசை நீக்கப்படும்போதோ, சேர்க்கப்படும்போதோ, புதுப்பிக்கப்படும்போதோ அட்டவணைக் காட்சி தன் கணக்கைச் சரிபார்க்கிறது. நீங்கிய வரிசைக்குரிய சிற்றறையைத் திரையிலிருந்து அகற்றும் அந்த வேளையில், வேடம் பூண்ட சிற்றறையும் அகன்றுவிடுகிறது. பட்டியலைத் தள்ளிக் கொண்டுவரும்போது "தலைப்பு எது?" என்னும் வினா மீண்டும் கேட்கப்படுவதால், தலைப்பு திரும்பி வருகிறது. மறைவதும் திரும்புவதும் ஆகிய இரு நிகழ்வுகளையும் இவ்வொரு காரணம் விளக்கிவிடுகிறது. நல்ல காரணத்தின் இலக்கணமும் அதுவே. கண்ட குறிகள் அனைத்தையும் அது ஒருங்கே விளக்க வேண்டும்.

இலக்கண மாணவர்க்கு இது அறிமுகமான பிழை. ஒரு திணைக்குரியதை மற்றொரு திணைக்குரியதாக வழங்குவது திணை வழு. வரிசைக்குரிய பொருளைத் தலைப்புக்குரிய பொருளாக வழங்கியதும் அத்தகையதே. தலைப்பு காணாமற்போகவில்லை, தலைப்பு என்று ஒன்று அங்கே முதலிலிருந்தே இல்லை. இருந்தது தலைப்பைப் போன்ற ஒரு சிற்றறை.

மூன்று தீர்வுகள்

இவ்வழுவுக்கு நிரலாளர்கள் மூவகைத் தீர்வுகளைக் கையாள்கின்றனர்.

முதல் தீர்வு: ஒவ்வொரு மாற்றத்தின் பின்னும் அட்டவணை முழுவதையும் மீள ஏற்றுவது. எல்லா வினாக்களும் மீண்டும் கேட்கப்படுவதால் தலைப்பு திரும்பிவிடும். ஆனால் வரிசை மெல்ல விலகி மூடும் இயக்கம் இல்லாமற்போகும். பட்டியல் சட்டென மாறிப் பயனரின் கவனத்தைக் குலைக்கும். நோய் அவ்வாறே இருக்க, அதன் குறியை மட்டும் மூடி மறைப்பது இத்தீர்வு.

இரண்டாம் தீர்வு: சிற்றறையைத் தராமல், அதனுள்ளே எழுத்துகளைத் தாங்கி நிற்கும் உள்ளடக்கக் காட்சியை மட்டும் தருவது. உள்ளடக்கக் காட்சி சிற்றறை அன்று ஆதலால் வரிசைக் கணக்கில் அது சிக்குவதில்லை. தலைப்பு மறைவதும் நின்றுவிடும். நிரலில் ஒரே சொல்லைச் சேர்த்தால் போதும் என்பதால் இதனைப் பலர் விரும்புகின்றனர். எனினும் பெட்டியை எறிந்துவிட்டு உள்ளிருக்கும் பலகையை மட்டும் வைத்துக்கொள்வதால், தலைப்பில் பொத்தான் இருந்து அதன் செயல் சிற்றறையில் எழுதப்பட்டிருந்தால் அது இயங்காது. மேலும் மறுபயன்பாடும் நடைபெறாது. இதனை வழுவமைதி எனலாம். அவசரத்துக்கு உதவும், ஆயினும் அமைதி கூறவேண்டிய நிலையிலேயே நிற்கும்.

மூன்றாம் தீர்வு வழாநிலை. தலைப்புக்கும் அடிக்குறிப்புக்கும் உரிய தனிக்காட்சி வகை ஒன்று 2012 ஆம் ஆண்டு வெளிவந்த ஐஓஎஸ் 6 பதிப்பு முதல் உள்ளது. அதற்கெனத் தனி மறுபயன்பாட்டுக் கிடங்கும் உண்டு. அதனைப் பயன்படுத்தும் முறை பின்வருமாறு:

1. தலைப்பு–அடிக்குறிப்புக் காட்சி வகையிலிருந்து, வேண்டிய தோற்றமுள்ள தலைப்பு வகையை உருவாக்குதல்.
2. பக்கம் திறக்கும்போதே அவ்வகையை ஓர் அடையாளப் பெயருடன் அட்டவணைக் காட்சியில் பதிவுசெய்தல்.
3. தலைப்பு கேட்கப்படும்போது, தலைப்புக் கிடங்கிலிருந்து அவ்வடையாளப் பெயரால் எடுத்து, பகுதி எண்ணுக்குரிய பெயரை எழுதித் தருதல்.
4. தலைப்பின் உயரத்தைத் தவறாமல் கூறுதல்.
5. மீண்டும் பயன்படுத்துமுன் பழைய எழுத்து, நிறம் முதலியவற்றைத் துடைத்துவிடுதல்.

ஐந்தாம் படியை மறந்தால் தலைப்பு மறையாது. மாறாக, 'மருந்து' என்னும் பகுதியின்மேல் முன்பு இருந்த 'கல்வி' என்னும் பெயர் தங்கிவிடக் கூடும். மறைந்த தலைப்பைவிடப் பிழையான தலைப்பு தீங்கு மிக்கது. மறைவைப் படிப்பவர் ஒருவாறு உணர்வார். பிழையை அவர் நம்பிவிடுவார்.

இன்னொரு நிலையையும் கருத வேண்டும். ஒரு பகுதியில் எஞ்சியிருந்த கடைசி வரிசையும் நீக்கப்பட்டால், அப்பகுதியின் தலைப்பு மறையத்தான் வேண்டும். அப்போது தரவிலிருந்து அப்பகுதியை நீக்குவதும், அட்டவணைக் காட்சிக்கு "பகுதியே நீங்கிற்று" என அறிவிப்பதும் ஒருங்கே நிகழ வேண்டும். தரவில் ஒன்றும் அறிவிப்பில் மற்றொன்றுமாக இருந்தால், எண்ணிக்கை பொருந்தாமல் செயலியே நின்றுவிடும். இருக்க வேண்டிய தலைப்பு இருப்பதும் நீங்க வேண்டிய தலைப்பு நீங்குவதும் ஒரே ஒழுங்கின் இரு பக்கங்கள்.

[தெரியுமா?

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயங்கிய 'மார்க் 2' என்னும் கணினியில் 1947 ஆம் ஆண்டு செப்டம்பர் 9 அன்று ஒரு விட்டிற்பூச்சி சிக்கி, அதன் இயக்கத்தைத் தடுத்தது. பணியாளர்கள் அப்பூச்சியை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி, பூச்சி கண்டுபிடிக்கப்பட்டதாக எழுதிவைத்தனர். கணினி முன்னோடியான கிரேஸ் ஹாப்பர் இந்நிகழ்ச்சியைப் பலருக்கும் எடுத்துரைத்துப் பரப்பினார். ஆயினும் இயந்திரக் குறையைப் 'பூச்சி' என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் குறிக்கும் வழக்கம் அதற்கும் முந்தையது. 1878 ஆம் ஆண்டிலேயே தாமஸ் ஆல்வா எடிசன் தம் கடிதம் ஒன்றில் அச்சொல்லை அப்பொருளில் எழுதியுள்ளார்.]

கேட்கப்படும் தலைப்பு

தலைப்பு கண்ணுக்கு மட்டும் உரியதன்று. 2009 ஆம் ஆண்டு வெளிவந்த ஐபோன் 3ஜிஎஸ் முதல், திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் 'வாய்ஸ்ஓவர்' என்னும் வசதி ஐபோனில் உள்ளது. பார்வையற்றோர் இதன் துணையால் செயலிகளைப் பயன்படுத்துகின்றனர். நீண்ட பட்டியலில் ஒவ்வொரு வரிசையையும் கேட்டுக்கொண்டே செல்வது அயர்வு தரும். எனவே திரையில் இரு விரல்களைச் சுழற்றித் 'தலைப்புகள்' என்பதைத் தெரிவுசெய்து, விரலால் கீழ்நோக்கித் தள்ளினால், ஒரு தலைப்பிலிருந்து அடுத்த தலைப்புக்குத் தாவலாம். பார்வையுள்ளவர் பக்கத்தை ஒரு நோட்டம் விடுவதற்கு இணையானது இச்செயல்.

இவ்வாறு தாவுவதற்கு, 'இது தலைப்பு' என்னும் பண்பு நிரலில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். தலைப்பு வேடம் பூண்ட சிற்றறையில் அப்பண்பு தானாக அமைவதில்லை. அதன் எழுத்து தடித்தும் நிறம் மாறியும் கண்ணுக்குத் தலைப்பாகவே தெரியும். ஆனால் செவிக்கு அது மற்றொரு வரிசை மட்டுமே. பார்வையுள்ளவருக்கு வரிசையை நீக்கிய பின்னரே மறைந்த தலைப்பு, பார்வையற்றவருக்குத் தொடக்கத்திலிருந்தே மறைந்திருந்தது. அதனை அவர் முறையிடவும் வழியில்லை. இல்லாததை எவ்வாறு அறிவார்?

ஆகவே, தனியாக வடிவமைக்கும் தலைப்புக்கு அப்பண்பைச் சேர்ப்பதும் திருத்தத்தின் ஒரு பகுதியே. திருத்திய பின்னர்ப் பகுதியின் முதல் வரிசை, இடை வரிசை, கடை வரிசை ஆகியவற்றை நீக்கிப் பார்க்க வேண்டும். பட்டியலை விரைவாகத் தள்ளியும், எழுத்தின் அளவைப் பெரிதாக்கியும், திரையைப் பாராமல் வாய்ஸ்ஓவர் வழியாகக் கேட்டும் ஆராய வேண்டும். ஒரு சாதனத்தில் ஒருமுறை சரியாகத் தெரிந்ததால் வழு நீங்கிவிட்டது எனக் கொள்வது முறையன்று.

நோய் இன்னதென அறிதல், அதன் காரணத்தை ஆராய்தல், தணிக்கும் வழியைத் தேர்தல், அதனைப் பிழையின்றிச் செய்தல் என்னும் ஒழுங்கைத் திருவள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் வகுத்துள்ளார். நிரலாளர் கைக்கொள்ள வேண்டிய ஒழுங்கும் அதுவே. காரணத்தைக் காணாமல் குறியைத் தணிப்பவர் மீண்டும் மீண்டும் அதே வழுவைச் சந்திப்பார். ஒவ்வொன்றையும் அதற்குரிய இடத்தில், அதற்குரிய வகையாக வைத்தவருக்கோ, தலைப்பு மறைவதில்லை. தேடவேண்டிய தேவையும் இல்லை.

கலைச்சொல் அறிவோம்

அட்டவணைக் காட்சி – டேபிள் வியூ
பகுதித் தலைப்பு – செக்ஷன் ஹெடர்
சிற்றறை – செல்
இடச்சுட்டு – இண்டெக்ஸ் பாத்
தரவு மூலம் – டேட்டா சோர்ஸ்
பேராளர் – டெலிகேட்
வழுநீக்கம் – டீபக்கிங்

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டிலுள்ள திறன்பேசியில் தலைப்புகளுடன் கூடிய பட்டியல்கள் எவ்வெச் செயலிகளில் உள்ளன எனக் கண்டறிந்து, மேலே ஒட்டி நிற்கும் தலைப்புகளையும் வரிசைகளோடு நகரும் தலைப்புகளையும் வகைப்படுத்துக.
2. உங்கள் வகுப்பில் பயிலும் மாணவர்களின் பெயர்களைத் தலைப்புகளுடன் பட்டியலிடுக. பின்னர் ஒரு தலைப்பை மட்டும் அழித்து, நண்பரிடம் படிக்கக் கொடுத்து, அவர் எவ்வாறு பொருள் கொள்கிறார் என்பதைக் குறிப்பெடுத்து வகுப்பில் கலந்துரையாடுக.
3. திறன்பேசியில் திரை படிக்கும் வசதியை இயக்கி, திரையைப் பாராமல் ஒரு பட்டியலைக் கேட்டு, அப்பட்டறிவை ஒரு பக்க அளவில் எழுதுக.

மதிப்பீடு

குறுவினா
1. இடச்சுட்டு என்பது யாது?
2. எளிய பாணியில் பகுதித் தலைப்புக்கு உள்ள தனிச்சிறப்பைக் கூறுக.
3. "சில நேரங்களில் மறைகிறது" என்னும் கூற்று வழுநீக்கத்துக்கு உதவாதது ஏன்?

சிறுவினா
1. சிற்றறைகளின் மறுபயன்பாட்டைத் தக்க உவமையுடன் விளக்குக.
2. ஒரே தலைப்புக் காட்சியை எல்லாப் பகுதிகளுக்கும் தந்தால் நேர்வது என்ன? காரணம் கூறுக.
3. "மறைந்த தலைப்பைவிடப் பிழையான தலைப்பு தீங்கு மிக்கது" – இக்கூற்றை விளக்குக.

நெடுவினா
1. மறையும் தலைப்புக்குரிய மூன்று தீர்வுகளை வழு, வழுவமைதி, வழாநிலை என்னும் இலக்கணக் கருத்துகளோடு ஒப்பிட்டு ஆராய்க.
2. பட்டியலில் தலைப்பின் இன்றியமையாமையைப் பார்வையுள்ளவர், பார்வையற்றவர் ஆகிய இருவர் நிலையிலும் நின்று கட்டுரைக்க.